மாஸ்டர் நல்லவர்தான், ஹாஸ்டல் சாவி யாரிடம்?

ஆவடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 11 வயது. ஒரு போட்டியில் அவன் ஆடியதைப் பார்த்த கோச், வீட்டுக்கே வந்து, ஹாஸ்டலோடு கூடிய தங்கள் கால்பந்து அகாடமியில் சேர்க்கச் சொல்கிறாராம். பள்ளிக்கூடத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். கணவர், ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளணும்’ என்கிறார். இவருக்கோ பயம். ‘கோச் நல்லவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் பையனுக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது?’ என்பது கேள்வி.

நான் வடசென்னையில் பதினேழு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறவன். கடைசி ஆறு வருடம் எங்கள் கிளப்பில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பும் என்னிடம்தான். முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: கண்டுபிடிக்க முடியாது. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். இந்த இடத்தில் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக இருக்க எங்கெங்கே வழி இருக்கிறது? அப்படி ஏதாவது நடந்தால், அந்தப் பெரியவரைத் தாண்டி யாரிடம் பிள்ளை சொல்ல முடியும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கோச்சின் குணத்தை அளக்கும் வேலையே உங்களுக்கு இல்லை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்தது. பாரி பென்னல் என்று ஒரு கோச். 1980-களில் க்ரூ அலெக்ஸாண்ட்ரா கிளப்பில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். திறமையான பையனைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். அவர் வீட்டில் வீடியோ கேம் மெஷின்கள், பூல் மேஜை, வளர்ப்புக் குரங்கு எல்லாம் இருந்தன. பையன்கள் வார இறுதியில் அங்கே தங்கினார்கள். தங்க அனுப்பியது பெற்றோர்தான். மிரட்டி அல்ல, ‘நம்ம பையனை இவ்வளவு அக்கறையாப் பார்த்துக்கிறாரே’ என்ற நன்றியோடு. 1994-ல் ஒரு இளையோர் அணியோடு அமெரிக்கா போன இடத்தில், சிறுவனைப் பாலியல் கொடுமை செய்ததற்காக ஃபுளோரிடாவில் பிடிபட்டுச் சிறை போனார். 1998-ல் இங்கிலாந்தில் ஒன்பது ஆண்டு தண்டனை. அப்போதும் கால்பந்து உலகம் ‘ஒரு கெட்டவன், ஒழிந்தான்’ என்று நகர்ந்துவிட்டது.

2016 நவம்பரில் ஆண்டி உட்வர்ட் என்ற முன்னாள் ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், சிறுவயதில் பென்னலால் தனக்கு நடந்ததைப் பத்திரிகையில் சொன்னார். அணை உடைந்த மாதிரி மற்றவர்கள் வந்தார்கள். இங்கிலாந்து கால்பந்து சங்கம் கிளைவ் ஷெல்டன் என்ற வழக்கறிஞரை வைத்து 1970 முதல் 2005 வரைக்குமான விசாரணை நடத்தி, 2021 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அதில் வரும் எண்ணிக்கை: பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 692 பேர், சந்தேகத்துக்கு ஆளானவர்கள் 240 பேர். பென்னலுக்கு 2018-ல் 30 ஆண்டுச் சிறை. 2023-ல் சிறையிலேயே இறந்தார். அந்த அறிக்கையில் எனக்கு உறைத்தது எண்ணிக்கை அல்ல. வதந்தி எத்தனையோ பேர் காதுக்குப் போயிருக்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல ஒரு ஆள், ஒரு மேஜை, ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிளப்புகளில் இல்லை.

‘அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை’ என்று நினைக்க வேண்டாம். 2022-ல் நம் நாட்டின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி உலகக் கோப்பைக்காக ஐரோப்பாவில் பயிற்சியில் இருந்தபோது, பாலியல் முறைகேட்டுப் புகாரில் ஒரு துணைக் கோச் பயணத்தின் நடுவிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார். தேசிய அணியிலேயே அந்த நிலை. தெருமுனை அகாடமியை யார் பார்க்கப் போகிறார்கள்?

சரி, தனியாக இருக்கும் இடம் என்று எதைச் சொல்கிறேன்? பெரிய ரகசிய அறை எல்லாம் இல்லை. மாலை ஏழு மணி. பயிற்சி முடிந்துவிட்டது. கோன்களை அடுக்கியாயிற்று, பந்து மூட்டையைக் கட்டியாயிற்று. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு ஒரு பையன் மட்டும் கிரவுண்டு சுவர் மேல் பூட்ஸைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்பாவுக்கு கம்பெனியில் ஓவர்டைம். கோச் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ‘ஏறுடா, வீட்ல விட்டுட்டுப் போறேன்’ என்பார். நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அது சுத்தமான உதவி. நானே எத்தனையோ பையன்களை அப்படி விட்டிருக்கிறேன். இப்போது விடுவதில்லை. எங்கள் கிளப்பில் கடைசிப் பிள்ளை போகிற வரை இரண்டு பெரியவர்கள் கிரவுண்டிலேயே நிற்க வேண்டும். தனியாக யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தபோது ஒரு அப்பா என்னிடம் கோபித்துக்கொண்டார்: ‘என்ன மாஸ்டர், உங்களை நம்பாமலா எங்க புள்ளய அனுப்புறோம்?’ நான் சொன்னேன்: ‘அண்ணே, நீங்க என்னை நம்புறீங்க. நாளைக்கு எனக்குப் பதிலா வர்றவரை நம்ப உங்களுக்கு என்ன இருக்கு? விதி இருந்தா அவருக்கும் அதே விதிதான்.’ இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த விதி என்னையும் காப்பாற்றுகிறது. பொய்யான பேச்சு எழ இடமே இல்லை.

வாட்ஸ்அப்பும் அப்படித்தான். கோச் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும் பேசலாம். ‘அம்மாகிட்ட சொல்லாத, இது நமக்குள்ள’ என்று ஒரு வரி வந்தால், அது பூட்ஸ் வாங்கித் தருகிற விஷயமாகவே இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஹாஸ்டல் என்று வரும்போது இதெல்லாம் பத்து மடங்கு. அங்கே போனால் முதலில் சாவியைக் கேளுங்கள். இரவில் பையன்கள் தூங்கும் அறைக்குச் சாவி யாரிடம்? வார்டன் தனி ஆளா, இல்லை கோச்சே வார்டனா? கோச்சே வார்டன், கோச்சே சமையல் கணக்கு, கோச்சே பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால், அங்கே உங்கள் பையனுக்கு அவரைத் தவிர உலகமே இல்லை. அந்த இடம் வேண்டாம். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பதிவும் உரிமமும் வேண்டும். ‘உரிமத்தைக் காட்டுங்க சார்’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்பது பதில் இல்லை.

அதற்கடுத்து, யார் யாரோடு தூங்குகிறார்கள் என்று பாருங்கள். பெற்றோர் எல்லாரும் கோச்சையே பார்த்துப் பயப்படுகிறார்கள். ஹாஸ்டலில் சின்னப் பையனுக்கு ஆபத்து பல நேரம் பக்கத்துக் கட்டிலிலிருந்துதான் வரும். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு அகாடமியில் ஜூனியர் பையன்கள்தான் சீனியர்களின் ஜெர்சி, சாக்ஸ் எல்லாம் துவைப்பார்கள். சரியாகத் துவைக்காவிட்டால் பெல்ட். எனக்குத் தெரியும். ‘பசங்கன்னா அப்படித்தான், நாங்களும் வாங்கித்தான் வளர்ந்தோம்’ என்று விட்டுவிட்டேன். 12 வயதுப் பையன் ஒருவன் மே மாத வெயிலில் அறைக்குள்ளேயும் முழங்கால் வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘ஏன்டா கழட்டல?’ என்று கேட்டேன். ‘கொசு சார்’ என்றான். நம்பினேன், அல்லது நம்புவதாக நடித்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பந்தையே விட்டுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவனுடைய இடது கால் ஷாட் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனவே 11 வயதுக்காரன் 16, 17 வயதுக்காரர்களோடு ஒரே அறையில் படுக்கக் கூடாது. இங்கேதான் வயது மோசடியும் வருகிறது. பிறந்த சான்றிதழைத் திருத்தி 17 வயதுப் பையனை 14 என்று இறக்குவது நம் ஊர் இளையோர் கால்பந்தில் தீராத வியாதி. சர்வதேச சம்மேளனமான ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற அளவுக்குப் போனது இதனால்தான். இதைப் போட்டி நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இது பாதுகாப்பு விஷயம். ஃபைலில் 13 என்று இருக்கும் பையனுக்கு மீசை இருந்தால், அவன்தான் உங்கள் மகனை டேக்கிள் பண்ணப் போகிறான், அவன்தான் பக்கத்துக் கட்டிலிலும் படுப்பான்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது, இந்தியா 1992-ல் ஏற்றது. அதன் 31-ஆம் பிரிவு விளையாடும் உரிமையைச் சொல்கிறது, 19 எல்லா வன்முறையிலிருந்தும் பாதுகாப்பைச் சொல்கிறது, 12 தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் சொல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. உங்கள் கடிதத்தில் கணவர் என்ன நினைக்கிறார் என்று இருந்தது, கோச் என்ன சொன்னார் என்று இருந்தது. பையன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. குற்றம் சொல்லவில்லை, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய சட்டம் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ, 2012. 18 வயதுக்குக் கீழ் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் அது ஒன்றுதான். ‘ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 19-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை. ‘உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம், பையனோட ஃபியூச்சர் கெட்டுடும்’ என்று அகாடமிக்காரர் சொன்னால் அவரே குற்றம் செய்கிறார். ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற பயமும் வேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ எடுக்க வேண்டும், எடுக்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. அடி, பட்டினி, தண்ணீர் தராமல் ஓடவிடுவது போன்றவற்றுக்கு 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை; பிள்ளைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தை நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ செய்தால் ஐந்து ஆண்டு வரை. அவசரத்துக்கு 1098. பையனுக்கு அந்த எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், போனில் சேமித்து வைத்தால் போதாது. அங்கே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

அதனால் இதையும் கேளுங்கள்: கோச் பக்கத்தில் நிற்காமல் பிள்ளை வீட்டுக்குப் பேச முடியுமா? எப்போது? ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பார்கள் சில இடத்தில். ஒழுக்கமாம்.

அடிபட்டால் என்ன என்பதைப் பலர் கேட்பதே இல்லை. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்தி முழங்கால் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்று, காலை எடுத்து, கடைசியில் உயிரே போனது. அது மருத்துவமனையின் தவறு, கிரவுண்டின் தவறு அல்ல. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ‘வலிக்குது’ என்று பிள்ளை சொன்னால் அந்தச் சொல்லை முதல் தடவையே நம்ப ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘நடிக்காதடா, எழுந்து ஓடு’ என்கிற கிரவுண்டில் வளர்ந்த பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வலியைச் சொல்லாது. அகாடமியில் முதலுதவி தெரிந்தவர் யார், இன்சூரன்ஸ் உண்டா, எந்த ஆஸ்பத்திரி, உங்களுக்கு எத்தனை நிமிடத்தில் போன் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தலையால் பந்தை முட்டும் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை: அமெரிக்கா 2015-லேயே 10 வயதுவரை அதை நிறுத்தியது, இங்கிலாந்து 2020-ல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் வேண்டாம் என்றது. உங்கள் பையன் வயதில் தினமும் ஐம்பது ஹெட்டர் போடச் சொல்கிற கோச் பழைய பாடத்தில் இருக்கிறார்.

இனி உங்கள் கணவருக்கு. வாய்ப்பு போய்விடும் என்று அவர் பதறுவது எனக்குப் புரிகிறது. என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் அந்தப் பதற்றத்தோடுதான் வருகிறார்கள். நார்வேயைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 1987-லேயே விளையாட்டில் குழந்தைகளின் உரிமை என்று விதி போட்டு, 2007-ல் திருத்திக் கடுமையாக்கினார்கள். 11 வயது வரை புள்ளிப் பட்டியல் இல்லை, 13 வயது வரை தேசிய சாம்பியன்ஷிப் இல்லை. எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம் என்பதில் பிள்ளைக்கே சொல் உண்டு. சோம்பேறிகளை உருவாக்குகிற விதி போலத் தெரியும். இன்று உலகமே அறிந்த கோல் அடிக்கும் ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்ட் அந்த விதிக்குள் வளர்ந்தவர்தான். ப்ரூனே என்ற சிறிய ஊரில் சொந்த ஊர்க் கிளப்பிலேயே 16 வயது வரை ஆடிவிட்டுப் பிறகுதான் வெளியூர்க் கிளப்புக்குப் போனார். 11 வயதில் ‘இவனிடம் ஏதோ இருக்கு’ என்று கோச்சுக்குத் தெரிவது பெரும்பாலும் உயரமும் சீக்கிரம் வந்த பலமும்தான். உங்கள் மகன் பிறந்த மாதம் என்ன என்று பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் வெட்டப்படுவதால் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். 11 வயதில் அந்த ஒரு வருடம் மலை அளவு. 15-ல் கரைந்துவிடும். அப்போது அகாடமி அவனை வீட்டுக்கு அனுப்பினால், நடுவில் போன படிப்புக்கும் அவன் மனதுக்கும் யார் பொறுப்பு? ‘எடுத்துட்டா’ என்பதைப் பற்றி மட்டும் எல்லாரும் பேசுகிறார்கள். ‘விட்டுட்டா’ என்ன செய்வீர்கள் என்று அந்தக் கோச்சிடம் கேளுங்கள். போன வருடம் எத்தனை பேரை அனுப்பினீர்கள், அவர்கள் இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் தெரியாமல் விழித்தால், அதுதான் விடை.

‘ரெண்டு வருஷத்துல ஸ்பெயினுக்கு அனுப்புவோம்’ என்று சொன்னாரா? உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஃபிஃபா விதியின் 19-ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்யக் கூடாது. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இந்த விதியை மீறியதற்காக 2014-ல் ஸ்பெயினின் பெரிய கிளப்பான பார்சிலோனாவுக்கே ஆள் எடுக்கத் தடை விழுந்தது. பார்சிலோனாவுக்கு முடியாதது நம் ஊர் ஏஜெண்டுக்கு எப்படி முடியும்? பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், இந்த வருடம் அனுப்ப வேண்டாம். பட்டாபிராம், அம்பத்தூர் பக்கம் வீட்டிலிருந்தே போய்வரும் பயிற்சி கிடைக்கும், வாரம் மூன்று நாள் போதும், இரவு உங்கள் வீட்டில் தூங்கட்டும். அப்படியும் அந்த அகாடமியைப் பார்த்தே தீர வேண்டும் என்று கணவர் நின்றால், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை மாலை போங்கள். ஆறரைக்கு, பயிற்சி முடிகிற நேரத்துக்கு. கோச்சிடம் பேசப் போக வேண்டாம். அங்கே இருப்பதிலேயே சின்னப் பையனைப் பார்த்து, ‘தம்பி, உனக்கு ஏதாவது பிரச்சினைன்னா யார்கிட்ட சொல்லுவ?’ என்று கேளுங்கள். ‘மாஸ்டர்கிட்ட’ என்பான். ‘மாஸ்டராலயே பிரச்சினைன்னா?’ என்று கேளுங்கள். அவன் ஒரு பெயரைச் சொல்கிறானா, இல்லை திரும்பிக் கோச்சைப் பார்க்கிறானா என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.